பாதி விலையில் பிஸ்னஸ் கிளாஸ்: இணுவில்–ரொறன்ரோ ரிக்கற் ஒன்றின் விசாரணை

யாழ்ப்பாண ரவுணில் ரிக்கற் போடுகிற சின்ன அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். எங்களிடம் ரிக்கற் எடுக்க வருகிறவர்கள் ஒரு பக்கம், வேறு எங்கேயோ எடுத்த ரிக்கற்றை ஃபோனில் காட்டி "தம்பி, இது சரியான ரிக்கற்தானோ, ஒருக்காப் பாத்துச் சொல்லும்" என்று கேட்டு வருகிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டாவது வகையில் இப்போது பிஸ்னஸ் கிளாஸ் ரிக்கற்றுகள் கூடிவிட்டன. காரணம் தெரிந்ததுதான். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்குக் கையில் கொஞ்சம் காசு இருக்கிறது, இங்கே இருக்கிற தாய் தகப்பனுக்கு முழங்கால் இல்லை. அந்த இரண்டுக்கும் நடுவில், எயார்லைன் விலையில் அரைவாசிக்குத் தருகிறோம் என்று சொல்லிக்கொண்டு ஆட்கள் நிற்கிறார்கள். அவர்களில் எவரை நம்பலாம், எவரை நம்பக்கூடாது என்பதை ஒரு கேஸை முழுதாக வைத்துச் சொல்லிவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். ஆட்களின் பெயர், விற்றவர்களின் பெயர் எதுவும் இதில் வராது.

இணுவிலில் ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதி. ஐயாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, ஒரு முழங்கால் மாற்றியாயிற்று, மற்றதும் மாற்ற வேண்டிய நிலையில். மகள் ஸ்காபரோவில் இருக்கிறா. பேத்திக்கு ஆவணியில் கலியாணம், மண்டபம் எடுத்து அழைப்பிதழும் அடித்தாயிற்று. இவர்கள் கலியாணத்துக்கு இரண்டு கிழமை முன்னால் போய், குளிர் தொடங்கிப் பனி கொட்டுவதையும் பார்த்துவிட்டுத் தையில் திரும்புவதாகத் திட்டம். டுபாயிலிருந்து ரொறன்ரோவுக்கு மட்டும் பதினான்கு மணித்தியாலம். அதை எக்கொனமியில் காலை மடக்கிக்கொண்டு இருந்து வருவது ஐயாவால் ஆகாது என்று மகள் சொல்லிவிட்டா. பிஸ்னஸ் என்றால் எயார்லைனின் சொந்தத் தளத்தில் போய்வர ஆளுக்கு ஏறத்தாழ 6,200 கனடிய டொலர். இரண்டு பேருக்கு 12,400. அதைப் பார்த்துவிட்டுத்தான் மகள் வேறு வழி தேடத் தொடங்கியது.

அவவின் கையில் மூன்று விலை வந்து சேர்ந்தது. முதலாவது, வட்ஸ்அப்பில் தொழில் நடத்துகிற ஒருவரிடமிருந்து ஆளுக்கு 3,700. இரண்டாவது, பிஸ்னஸ் கிளாஸ் மட்டுமே விற்கிறோம் என்று விளம்பரம் செய்கிற அமெரிக்கக் கம்பனி ஒன்றிடமிருந்து 5,150. மூன்றாவது ஒன்ராறியோவில் பதிவுள்ள ஒரு பயண முகவர், 5,480. முதலாவதுக்கு 500 டொலர் முற்பணமும் அனுப்பிவிட்டுத்தான் மகள் தகப்பனிடம் சொல்லியிருக்கிறா, தகப்பன் அந்த பிடிஎஃப்பைத் தூக்கிக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்.

வட்ஸ்அப் ஆள்

ஆள் எங்கட ஆள்தான். மகளின் கூட்டாளியின் குடும்பம் போன வருடம் அவரிடம் எடுத்துச் சுகமாகப் போய்வந்திருக்கிறது. பேஸ்புக்கில் நன்றி சொல்லி எழுதினவர்கள் வரிசையாக இருக்கிறார்கள், கதிரையைப் படுக்கையாக விரித்துக்கொண்டு எடுத்த படங்களோடு. மகள் நம்பினதில் பிழை சொல்ல முடியாது, எவரும் நம்பியிருப்பார்கள்.

ஆனால் இந்தத் தொழிலில் நல்ல விமர்சனம் எப்போது எழுதப்படுகிறது என்று யோசிக்க வேண்டும். பெரும்பாலும் ரிக்கற் கைக்கு வந்த அன்று, அல்லது போய் இறங்கிய அன்று. இந்தக் கேஸில் போகிறது ஆவணி, வருகிறது தை. இடையில் ஐந்து மாதம். திரும்பிவருகிற பாதி உயிரோடு இருக்கிறதா என்பது அந்த ஐந்து மாதம் முடியத்தான் தெரியும், அதற்குள் விமர்சனம் எழுதி, விருப்பக்குறி விழுந்து, அதைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் காசு கட்டிவிடுவார்கள். திரும்புகிற நேரம் பிழைத்தவர்கள் வந்து பேஸ்புக்கில் எழுதுவதும் குறைவு. அரை விலைக்கு வாங்கி ஏமாந்தோம் என்று சனத்துக்கு முன்னால் சொல்ல எங்கட ஆட்களுக்கு வெட்கம்.

அவர் முதலில் அனுப்பிய திட்டமே எனக்கு இடித்தது. "யாழ்ப்பாணத்திலிருந்தே பிஸ்னஸ், கட்டுநாயக்காவுக்கு அலையத் தேவையில்லை" என்று போட்டிருந்தார். பலாலியிலிருந்து சென்னை போய், அங்கிருந்து ரொறன்ரோ. பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்ததிலிருந்து இன்றுவரை அங்கே பயணிகளை ஏற்றிப் போவது ஏடிஆர் என்கிற சின்ன விமானம்தான். 2024 செப்டெம்பரிலிருந்து வருகிற இண்டிகோவின் ஏடிஆரில் 78 கதிரை, எல்லாம் ஒரே வகுப்பு. அதில் பிஸ்னஸ் என்று ஒன்று கிடையவே கிடையாது. அதோடு அவர் போட்டது இரண்டு தனித்தனி ரிக்கற். சென்னை விமானம் பிந்தினால் அடுத்தது போய்விடும், எவரும் பொறுப்பெடுக்க மாட்டார்கள். பெட்டி நேரே போகாவிட்டால் சென்னையில் குடிவரவு தாண்டி வெளியே வந்து எடுத்துத் திரும்பப் போட வேண்டும், அதற்கு இந்திய விசா தேவை. இதொன்றையும் அவர் சொல்லவில்லை. கேட்டபோது "சரி அப்ப கொழும்பாலயே போடுறன்" என்று அதே விலைக்கு மாற்றித் தந்தார். வேறு பாதை, வேறு எயார்லைன், ஆனால் விலை மட்டும் ஒரு டொலர் கூட அசையவில்லை. உண்மையான கட்டணத்தில் அப்படி நடப்பது அபூர்வம்.

சரி, கொழும்பு–டுபாய்–ரொறன்ரோ. பிடிஎஃப்பில் ஆறு எழுத்து இலக்கமுள்ள புக்கிங் குறியீடு இருந்தது, பி.என்.ஆர் என்று நாங்கள் சொல்வது. அதைப் போட்டுப் பார்த்தால் எயார்லைன் தளத்தில் இருவரின் பெயரும் வருகிறது, கதிரையும் உறுதி. மகள் அதைப் பார்த்துத்தான் முற்பணம் அனுப்பியிருந்தா.

பி.என்.ஆர் என்பது ரிக்கற் இல்லை. இது எத்தனை பேருக்குச் சொன்னாலும் போதாது. கதிரையைப் பிடித்து வைத்திருப்பது வேறு, காசு கட்டி ரிக்கற் வெளியிடுவது வேறு. எந்த முகவரும் காசு கட்டாமல் கதிரையைப் பிடித்து வைக்கலாம், தவணை முடிந்தால் அது தானாக விழுந்துவிடும். ரிக்கற் என்றால் அதற்குப் 13 இலக்க எண் இருக்கும். அதில் முதல் மூன்று இலக்கம் எந்த எயார்லைன் வெளியிட்டது என்று காட்டும்: ஸ்ரீலங்கன் 603, எமிரேற்ஸ் 176, கட்டார் 157, எதிஹாட் 607, எயார் கனடா 014, பிரிட்டிஷ் எயார்வேஸ் 125. இவர்கள் கொண்டுவந்த பிடிஎஃப்பில் அந்த எண் இருக்கவில்லை.

எண்ணைக் கேட்கச் சொன்னேன். மறுநாள் வந்தது. முதல் மூன்று இலக்கம் பறக்கிற எயார்லைனுடையது இல்லை, வட அமெரிக்காவிலுள்ள வேறொன்றினுடையது. இதை மட்டும் வைத்துக் குற்றம் சொல்ல முடியாது, ஒரு எயார்லைன் இன்னொன்றின் விமானத்துக்கு ரிக்கற் வெளியிடுவது தினமும் நடக்கிறது. ஆனால் ஒரு கால்கூட அந்த வட அமெரிக்க நிறுவனத்தின் விமானத்தில் வைக்காமல், போகவர முழுவதும் டுபாய்க்காரரின் விமானத்தில் போகிற ஒரு பயணத்துக்கு, கொழும்பிலிருந்து புறப்படுகிற ஒரு ரிக்கற்றை அவர்கள் ஏன் வெளியிட வேண்டும்? பிடிஎஃப்பில் கட்டணம் வர வேண்டிய பெட்டி வெட்டப்பட்டிருந்தது. வெட்டினவர் வரிகளை மறந்துவிட்டார். கொழும்பிலிருந்து புறப்படுகிறவர் கட்டுகிற 60 அமெரிக்க டொலர் விமான நிலைய வரி முதற்கொண்டு எல்லாம் வரிசையாக நிற்கிறது, கட்டணம் மட்டும் இல்லை.

மகளிடம் ஒரு வேலை சொன்னேன்: ரிக்கற் வெளியிட்ட எயார்லைனின் தளத்துக்குப் போய், அங்கே உள்ள புக்கிங் குறியீட்டைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். இரண்டு எயார்லைன் சம்பந்தப்பட்டால் குறியீடும் இரண்டு இருக்கும், விற்பவர் பெரும்பாலும் ஒன்றைத்தான் தருவார். அதைக் கேட்டதும் ஆள் குரல் பதிவு ஒன்று அனுப்பினார். மகள் அதை எனக்குப் போட்டுக் காட்டினா.

"அக்கா, நீங்கள் எயார்லைனுக்கு அடிக்கிறது, உள்ளுக்குப் போய்த் தட்டிப் பாக்கிறது ஒண்டும் செய்யாதேங்கோ, புக்கிங் குழம்பிப் போடும். கவுண்டரில ஆரும் கேட்டா சொந்தக்காரர் ஒராள் பொயின்ற்ஸில எடுத்துத் தந்தவர் எண்டு சொல்லுங்கோ. கேக்க மாட்டினம், சும்மா சொல்லி வைக்கிறன்."

இதோடு கேஸ் முடிந்தது என்றே சொல்லலாம். எழுபது தாண்டிய ஒரு ஓய்வுபெற்ற வாத்தியாரைக் கட்டுநாயக்காக் கவுண்டரில் பொய் சொல்லச் சொல்கிற ரிக்கற் அது. ஐயா இதைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

மலிவு எங்கேயிருந்து வந்தது

கஸ்தூரியார் வீதியில் ஒரு கடை மட்டும் அன்றைய விலையில் பாதிக்குப் பவுண் தந்தால், கடைக்காரர் நல்லவரா என்று எவரும் கேட்க மாட்டார்கள், இந்த நகை எங்கேயிருந்து வந்தது என்றுதான் கேட்பார்கள். ரிக்கற்றிலும் நான் பார்ப்பது அதைத்தான். விற்பவரின் குணம், பேச்சு, ஊர் எல்லாம் பிறகு. மலிவுக்கு ஒரு மூலம் இருக்க வேண்டும், அது விரல்விட்டு எண்ணக்கூடிய சில வழிகளில் ஒன்றாகத்தான் இருக்கும், எது என்று அவர் தன் வாயால் சொல்ல வேண்டும்.

நேரான வழி, முகவர்களுக்கென்று எயார்லைன் கொடுக்கிற தனிக் கட்டணம். மொத்தமாக விற்கிற முகவரோடு ஒப்பந்தம் போட்டு, பொதுவில் காட்டாத விலை ஒன்றைக் கொடுப்பார்கள். அந்த ரிக்கற்றில் கட்டணப் பெட்டியில் தொகைக்குப் பதிலாக ஐ.டி (IT) அல்லது பி.டி (BT) என்று இரண்டு எழுத்து நிற்கும், அதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. இதில் கிடைக்கிற குறைவு பத்து வீதம், பதினைந்து வீதம், சில பாதைகளில் அதற்கும் மேலே. பாதி விலை இந்த வழியால் வந்து நான் பார்த்ததில்லை.

அடுத்தது புறப்படுகிற ஊரை வைத்துக் கிடைக்கிற மலிவு. கொழும்பிலிருந்து ரொறன்ரோ போய்வருகிற ரிக்கற்றும் ரொறன்ரோவிலிருந்து கொழும்பு வந்துபோகிற ரிக்கற்றும் ஒரே விலை இல்லை. அதில் பிழையில்லை, முதல் துண்டைப் பறக்காமல் விட்டால் மிச்சம் எல்லாம் ரத்தாகும் என்பதை மட்டும் தெரிந்திருக்க வேண்டும். இன்னொன்று கலப்பு: நீண்ட பயணம் பிஸ்னஸ், கொழும்பு–டுபாய் எக்கொனமி. அதையும் நேர்மையாகச் சொல்லி விற்றால் சரிதான், சொல்லாமல் விற்கிறவர்கள் நிறைய. ஒவ்வொரு துண்டுக்கும் பக்கத்தில் வகுப்பு எழுத்து இருக்கும், ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

பிறகு வருவது மைல், பொயின்ற்ஸ்: எயார்லைனும் கடனட்டையும் வாடிக்கையாளருக்குச் சேர்த்துக் கொடுக்கிற, ரிக்கற்றாக மாற்றக்கூடிய புள்ளிகள். இந்தக் கேஸ் அதுதான். எவரோ ஒருவர் கடனட்டையில் சேர்த்த புள்ளிகளை இடைத்தரகர் காசு கொடுத்து வாங்கி, அந்தக் கணக்குக்குள் போய், உங்களுடைய பெயரில் பரிசு ரிக்கற் எடுத்துவிடுகிறார். ரிக்கற் போலி இல்லை. கதிரை உண்மை, சாப்பாடு உண்மை, படுக்கையும் உண்மை. ஆனால் பெரிய எயார்லைன் திட்டங்கள் எல்லாமே புள்ளிகளைக் காசுக்கு விற்கக்கூடாது என்று விதி வைத்திருக்கின்றன, கண்டுபிடித்தால் கணக்கை மூடி, பறக்காத ரிக்கற்றுகளை ரத்துச் செய்ய அவர்களுக்கு உரிமை இருக்கிறது. 2014இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போன ஒரு வழக்கில், தன் கணக்கை எயார்லைன் நியாயமில்லாமல் மூடிவிட்டது என்று போராடிய ஒரு உறுப்பினரே தோற்றுப்போனார். சொந்தக் கணக்குக்காரருக்கே அந்த நிலை என்றால் அதற்குள் ஒளித்து வைத்த மூன்றாம் ஆளின் ரிக்கற்றுக்கு என்ன பெறுமதி?

அப்படி ரத்தாவது அடிக்கடி நடக்கிறதா என்றால், இல்லை. எங்களிடம் கொண்டுவந்து காட்டியவற்றில் பெரும்பாலானவை ஒழுங்காகப் பறந்துவிட்டன. சிக்கல் அங்கே இல்லை. நடந்தால் அடி முழுவதும் பயணியின் தலையில்தான் விழும். எயார்லைன் கணக்கின் சொந்தக்காரரோடுதான் பேசும், உங்களோடு பேசாது. விமான நேரம் மாறினால் தகவல் அவரின் மின்னஞ்சலுக்குப் போகும். ரத்தானால் புள்ளிகள் திரும்பினாலும் அவரிடம்தான் திரும்பும், உங்கள் 3,700 டொலர் எங்கேயும் திரும்பாது. தெரியவருவதோ பெரும்பாலும் கவுண்டரில். இணுவிலிலிருந்து வான் பிடித்து ஏ9 வழியாக இரவிரவாகக் கட்டுநாயக்கா போன இருவருக்கு அங்கே வைத்துத் தெரிந்தால்? தையில் ரொறன்ரோவின் பியர்சன் விமான நிலையத்தில் வைத்துத் தெரிந்தால்? அன்றைய விலைக்கு ஒருவழி பிஸ்னஸ் வாங்க வேண்டியிருக்கும், மிச்சம் பிடித்தது எல்லாம் அதோடு போய்விடும். இந்தத் தம்பதியின் ரிக்கற் முகம் தெரியாத ஒருவரின் கணக்குக்குள் ஐந்து மாதம் உயிரோடு இருக்க வேண்டும். அந்தக் கணக்குக்காரர் இதே தரகருக்கு வேறு எத்தனை பேருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறார் என்று எவருக்குத் தெரியும். சம்பந்தமில்லாத பெயர்களுக்கு வரிசையாக ரிக்கற் போகிற கணக்கைத்தான் எயார்லைன்கள் முதலில் தோண்டுகின்றன.

பெயர் விஷயம் ஒன்று. எங்கட கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் எங்கே வரும், சொந்தப் பெயர் எங்கே வரும், கலியாணத்துக்குப் பிறகு என்ன மாறியது என்பதெல்லாம் வீட்டுக்கு வீடு வேறு. ஐயாவின் ரிக்கற்றில் தகப்பன் பெயரின் முதலெழுத்து மட்டும் போட்டுப் பாதியில் விட்டிருந்தது. சாதாரண ரிக்கற் என்றால் முகவர் எயார்லைனுக்கு எழுதித் திருத்துவார். இங்கே திருத்த வேண்டுமானால் கணக்குக்காரர் கூப்பிட்டு, தனக்கும் இந்த இணுவில் வாத்தியாருக்கும் என்ன உறவு என்று சொல்ல வேண்டியிருக்கும். தரகர் "அது பிரச்சினை வராது அக்கா" என்று முடித்துவிட்டார்.

கடைசி வழி களவுக் கடனட்டை. இது வேறு உலகம். களவு அட்டையில் வாங்கிய ரிக்கற்றோடு வருகிறவர்களைப் பிடிக்க ஐரோப்பியப் பொலிஸ் அமைப்பான யூரோபோல் எயார்லைன்களோடும் கடனட்டைக் கம்பனிகளோடும் சேர்ந்து விமான நிலையங்களில் கூட்டுத் தேடுதலே நடத்துகிறது, பயணி ஒன்றும் அறியாதவராக இருந்தாலும் விசாரணை விசாரணைதான். இதற்கு ஒரு தெளிவான அடையாளம்: காசை முழுதாக இப்போது வாங்கிக்கொண்டு, ரிக்கற் பறப்பதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னால்தான் தருவோம் என்பார்கள். அட்டைக்காரர் கண்டுபிடிப்பதற்குள் பயணி பறந்துவிட வேண்டும், அதற்காகத்தான் அந்த அவசரம். இந்தக் கேஸில் அது இல்லை, அதனால் அவ்வளவோடு விடுகிறேன்.

அமெரிக்கக் கம்பனி

இது வட்ஸ்அப் ஆளைப் போல இல்லை. நல்ல இணையத்தளம், 24 மணி நேரத் தொலைபேசி, எடுத்தவுடன் பெயர் சொல்லிக் கதைக்கிற விற்பனையாளர். விலையைத் தளத்தில் போட மாட்டார்கள், நம்பரைக் கொடுத்தால் கூப்பிடுவார்கள், பிறகு கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். "இந்த விலை இண்டைக்கு இரவு மட்டும்" என்பது மூன்று நாள் தொடர்ந்தது.

இப்படியான கம்பனிகளைக் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்கவும் முடியாது, ஏனென்றால் அவர்களில் பலருக்கு உண்மையாகவே மொத்த முகவர் கட்டணம் கிடைக்கிறது. தொல்லை என்னவென்றால் சிலர் அதோடு மைல் ரிக்கற்றையும் கலந்து விற்கிறார்கள், எது எது என்று சொல்வதில்லை. மகளுக்கு ஒரு கேள்வி எழுதிக் கொடுத்தேன்: இது காசு கட்டணத்தில் வெளியிடுகிற ரிக்கற்றா, எந்த எயார்லைனின் எண்ணில் வரும், விதிகளை மின்னஞ்சலில் அனுப்ப முடியுமா. ஃபோனில் எல்லாவற்றுக்கும் ஓம் என்றார் அந்த விற்பனையாளர். மின்னஞ்சலில் வந்ததோ அட்டை அனுமதிப் படிவம் ஒன்று. அட்டையின் முன்பக்கம் பின்பக்கம் படம் எடுத்து, கடவுச்சீட்டுப் படத்தோடு, கையொப்பம் வைத்து அனுப்ப வேண்டும். சின்ன எழுத்தில், ரிக்கற் "எந்த முறையிலும்" வெளியிடப்படலாம், காசு எந்தக் காரணத்துக்கும் திரும்பாது, வாங்குபவர் அட்டை வங்கியிடம் முறையிட மாட்டேன் என்று ஒப்புக்கொள்கிறார்.

அந்த "எந்த முறையிலும்" என்ற இரண்டு சொல்லுக்காகவே நான் வேண்டாம் என்றேன். ஆளுக்கு 330 டொலர் மலிவுக்கு, இருக்கிற ஒரே பாதுகாப்பையும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொல்கிறார்கள்.

இவர்களின் முகவரியைத் தேடியபோது வாடகை அஞ்சல் பெட்டி ஒன்றுதான் வந்தது. அதையும் நான் பெரிதாக எடுக்கவில்லை, இந்தக் காலத்தில் நல்ல முகவர்களும் வீட்டிலிருந்தே தொழில் செய்கிறார்கள். கலிபோர்னியா, புளோரிடா போன்ற சில மாநிலங்களில் பயணம் விற்பவர்கள் பதிவு எண் எடுக்க வேண்டும். எண் கேட்டால் தர வேண்டும். மகள் கேட்டதற்கு இன்றைக்கு வரைக்கும் பதில் இல்லை.

பதிவுள்ள முகவர்

மூன்றாவது ஆளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, நம்பகமான ஆள் என்றால் அப்படித்தான் இருக்கும். ஒன்ராறியோவில் பயணம் விற்பவர்கள் அந்த மாகாணத்தின் பயணத் தொழில் சபையில் பதிவு செய்ய வேண்டும், டிகோ என்று சொல்வார்கள். பெயரைப் போட்டுத் தேடினால் பதிவு இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா என்று காட்டும். முகவர் முறிந்துபோனால் இழப்பீட்டு நிதியிலிருந்து ஆளுக்கு 5,000 டொலர் வரைக்கும் கேட்கலாம். இவர் கேட்டது 5,480, ஆகவே முழுவதும் மூடாது, ஆனாலும் ஒன்றும் இல்லாததற்கு இது எவ்வளவோ மேல். இதில் ஒரு கவனம்: பதிவில் இருக்கிற தொலைபேசி எண்ணுக்குத்தான் கூப்பிட வேண்டும். நல்ல முகவரின் பெயரைப் போட்டு வேறு நம்பரிலிருந்து விலை சொல்கிற ஆட்களும் இருக்கிறார்கள்.

லண்டனில் இருப்பவர்களுக்கு, விற்ற கம்பனி முறிந்தால் காசைக் காக்கிற அட்டோல் என்ற திட்டம் இருக்கிறது, ஆனால் தனி விமான ரிக்கற்றுக்கு அது ஒவ்வொரு முறையும் வரும் என்றில்லை. அங்கே பெரிய ஆயுதம் கடனட்டைதான்: 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரைக்குமான கொள்வனவுக்கு அட்டைக் கம்பனியையும் பொறுப்பாக்குகிறது, முகவர் நடுவில் நின்றால் வாதாட வேண்டி வரலாம். அவுஸ்திரேலியாவில் முகவர் உரிமம் 2014இல் எடுபட்டுவிட்டது, இப்போது இருப்பது விரும்பினால் சேருகிற முறை. இங்கே நாட்டில் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபைப் பதிவு, சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை உரிமம் இரண்டையும் கேளுங்கள். பிரதேச செயலகத்தில் எடுத்த வியாபாரப் பெயர்ப் பதிவைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தால் அது கடைக்குப் பெயர் இருக்கிறது என்பதைத்தான் காட்டும், ரிக்கற் விற்கத் தகுதி இருக்கிறது என்பதைக் காட்டாது.

உலக எயார்லைன்களின் சங்கமான ஐயாட்டா முகவர்களுக்குக் கொடுக்கிற எண்ணையும் பார்க்கலாம், ரிக்கற்றில் வெளியிட்ட முகவரின் எட்டு இலக்க எண் இருக்கும், அது எவருடையது என்று ஐயாட்டாவின் தளத்திலேயே சரிபார்க்கலாம். வேறு கம்பனியின் பெயர் வந்தால் உடனே கள்ளன் என்று நினைக்க வேண்டாம். யாழ்ப்பாணத்திலுள்ள நிறைய அலுவலகங்கள், நாங்கள் உட்பட, கொழும்பிலுள்ள பெரிய முகவரின் எண்ணில்தான் ரிக்கற் வெளியிடுகிறோம். கேட்டால் எந்தக் கம்பனி என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

காசு எந்த வழியால் போகிறது என்பதை நான் எப்போதும் கடைசியில்தான் கேட்பேன், ஆனால் பாதிக் கேஸ் அதில்தான் முடிகிறது. வட்ஸ்அப் ஆள் இரண்டு வழி சொல்லியிருந்தார்: அங்கே இ-ட்ரான்ஸ்பர், இல்லாவிட்டால் உண்டியல் மாதிரி இங்கே ரவுணில் அவரின் ஆளிடம் ரூபாயாகக் கொடுக்கலாம், ரூபாயில் கொடுத்தால் இன்னும் கொஞ்சம் குறையும். இரண்டிலும் கொடுத்தது கொடுத்ததுதான், திரும்பப் பிடிக்க ஒரு கொழுக்கியும் இல்லை. மூன்றாவது முகவர் கடனட்டைக்குச் சின்னக் கட்டணம் கூட்டினார், அந்தக் கட்டணத்தை மனம் கோணாமல் கட்டலாம்.

நடந்தது

மகள் வட்ஸ்அப் ஆளிடம் வேண்டாம் என்று சொன்னா. 500இல் 350 திரும்பி வந்தது, அதுவும் பல தடவை கேட்டபிறகு, மிச்சம் "சேர்விஸ் சார்ஜ்". மூன்றாவது முகவரிடம் அட்டையில் கட்டி எடுத்தார்கள். அன்றைக்கே 13 இலக்க எண் வந்தது, பறக்கிற எயார்லைனின் சொந்த எண், கட்டணப் பெட்டியில் ஐ.டி. ஐயா சந்தோசமாக ஃபோனை மூடப் போனார், மூன்று நாள் கழித்துத் திரும்பவும் பார்க்கச் சொன்னேன். வெளியிட்ட ரிக்கற்றை அன்றைக்கே முகவர் செல்லாதது ஆக்கலாம், திருப்பிக் கொடுக்கக்கூடிய கட்டணமாக இருந்தால் பிறகும் காசாக்கிக்கொள்ளலாம், ஆனால் உங்கள் கையிலிருக்கிற பிடிஎஃப் அப்படியே அழகாக இருக்கும். மூன்றாம் நாள் எயார்லைன் தளத்தில் ரிக்கற் எண்ணோடு சரியாக நின்றது. பெயர் கடவுச்சீட்டில் இருக்கிறபடி. சக்கர நாற்காலி இருவருக்கும் போட்டாயிற்று. ஐயாவின் மனைவி தனக்கு வேண்டாம், இவருக்கு மட்டும் போதும் என்று சொல்லிப் பார்த்தா, மகள் விடவில்லை.

ஆனியில் எயார்லைன் நேரத்தை மாற்றியது. டுபாயில் அடுத்த விமானத்துக்கு இருந்த இடைவெளி ஒரு மணித்தியாலத்துக்கும் குறைந்துவிட்டது, சக்கர நாற்காலியில் வருகிற இரண்டு பேருக்கு அது காணாது. முகவர் கூப்பிட்டு முந்திய விமானத்துக்கு மாற்றி, அதே விலையில் திரும்ப வெளியிட்டு அனுப்பினார். 3,700 டொலர் ரிக்கற்றுக்கு இது நடந்திருந்தால் எவர் எவரைக் கூப்பிட்டிருப்பார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இதற்குள் அவர்களின் மகன், பேர்லினில் இருப்பவர், எனக்கு எழுதினார்: அம்மா அப்பாவுக்குச் சரி, நான் தனி ஆள், எனக்கு அந்த வட்ஸ்அப் ஆளிடம் ரிக்கற் எடுத்தால் என்ன. நியாயமான கேள்விதான். ஒருவழி மட்டும் என்றால், ஒன்றிரண்டு கிழமைக்குள் பறக்கிறது என்றால், ரத்தானால் அடுத்த நாள் எக்கொனமியில் போகக் கையில் காசு இருந்தால், கலியாண நாளுக்குப் பல நாள் முன்னால் போய் இறங்குகிறது என்றால், மைல் ரிக்கற் என்று தெரிந்தே எடுக்கிற ஒரு ஆளை நான் மறிக்கப் போவதில்லை, விதி மீறுகிற வேலை என்பதையும் காசு போனால் கேட்க இடமில்லை என்பதையும் சொல்லிவிடுவேன். அவரிடம் ஒன்றை மட்டும் கேட்கச் சொன்னேன்: எந்தத் திட்டத்தின் புள்ளி, கணக்குக்காரர் உமக்குத் தெரிந்தவரா, ஏதும் நடந்தால் எத்தனை நாளில் காசு தருவீர், எழுத்தில் தாரும்.

கேட்டிருக்கிறார். பதிலுக்கு அந்த ஆள் விலையில் இன்னும் 200 டொலர் குறைத்திருக்கிறார், கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. மகன் ஃபிராங்பேர்ட்டிலிருந்து எக்கொனமியில் போனார்.